வாசலில் நின்று மோந்து பார்ப்பவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்மர் தன் குளிர்பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் குப்பைப் பைக்குள் போட்டார்.

பாதிப் பால். பிரித்து வைத்த சாசேஜ். கடையில் வாங்கிய முட்டைக்கோஸ் சாலட். கெட்டுப் போயிற்றா, நன்றாக இருக்கிறதா? மற்றவர்களாக இருந்தால் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார்கள், தெரிந்துவிடும். டெல்மருக்கு அந்த வசதி இல்லை. அதனால் நல்லதும் கெட்டதும் ஒரே பையில் போயின.

பிறகு வீடும் வண்டியுமாக இருந்த ட்ரெய்லரின் எல்லா ஜன்னல்களையும் திறந்தார். போர்வையை வெளியே உதறினார். சட்டையை மாற்றினார். மாற்றிய சட்டை துவைத்ததுதானா என்று சந்தேகம் வந்தது. அதையும் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் ஆர்லிஸ் வந்துவிடுவாள். மகள் ஜெனெல் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

கடந்த மார்ச்சில்தான் ஆர்லிஸ் இந்த ட்ரெய்லரை விட்டு இறங்கினாள். புருஷனும் பெண்டாட்டியுமாக எத்தனையோ வருஷம் இதில் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர்கள். குளிர்காலம் டெக்ஸாஸில், இலையுதிர்காலம் இந்த வட டகோட்டாவில். சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிடுவார்கள், வந்து நிற்பார்கள். போன குளிர்காலத்தில் டெக்ஸாஸில் இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல். காய்ச்சலிலிருந்து எழுந்த ஆர்லிஸ், "என் மூட்டு இனிமே இந்தப் படி ஏறாது டெல்மர்" என்று சொல்லிவிட்டு ஃபார்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டெல்மர் அதே காய்ச்சலிலிருந்து மூக்கு இல்லாமல் எழுந்தார்.

மூக்கு முகத்தில்தான் இருந்தது. அதற்கு வாசனை மட்டும் தெரியவில்லை. காப்பி வெந்நீராக இருந்தது. பன்றி இறைச்சி அட்டையாக இருந்தது. இன்று வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தார். வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஜெனெல் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். கம்பளம் போட்டாயிற்று, டி.வி. மாட்டியாயிற்று. "அப்பாவும் வந்துடட்டும், ட்ரெய்லரை வித்துடலாம்" என்று வாரத்துக்கு ஒரு தரம் சொல்கிறாள். கேஸில் சமைத்து, கேஸில் குளிர் காய்ந்து, தனியாகத் தூங்குகிற கிழவனுக்குக் கேஸ் வாசனையே தெரியாது என்று அவள் காதில் விழுந்தால் போதும். பனி விழுவதற்குள் ட்ரெய்லர் கைமாறிவிடும். அறுவடை முடிந்ததும் அதை டெக்ஸாஸுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது ஒன்றுதான் டெல்மருக்கு மிச்சமிருந்த ஆசை.

அந்த ரகசியம் தெரிந்தவள் ஒருத்திதான். பக்கத்து ட்ரெய்லர் லூப்பே. போன வாரம் ஆர்லிஸ் போன் செய்தபோது, "எல்லாம் நல்லா இருக்கு பெரியவரே, தூங்குங்க" என்று பின்னாலிருந்து கேட்டதே ஒரு பெண் குரல், அது அவளுடையது.

அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஆர்லிஸ் ஒன்றும் பேசாமல் போனை வைத்தாள். மறுநாள் ஜெனெலிடமிருந்து செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

"லூப்பே!" டெல்மர் கதவருகே நின்று கூப்பிட்டார். "கொஞ்சம் உள்ள வந்து பாரு. நாறுதா?"

லூப்பே கையில் காப்பிக் கோப்பையோடு வந்தாள். டெக்ஸாஸின் தெற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு வருகிறவள். ஐம்பது வயது, உரத்த குரல். பீட் குவிக்கும் மேடையில் டெல்மரோடு ஒரே பக்கத்தில் நின்று, கிழங்கிலிருந்து உதிரும் மண்ணை அள்ளுகிறவள். அவள் புருஷன் சாவுலுக்கு இரவு வேலை.

உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்தாள்.

"நேத்து வரைக்கும் கிழட்டு நாய் படுத்திருக்கிற எடம் மாதிரி இருந்துச்சு. இப்ப அது எழுந்து போன எடம் மாதிரி இருக்கு. பரவாயில்ல."

"வெளையாடாத."

"வீட்டம்மா வர்றாங்களா? சொல்லிடுங்க பெரியவரே."

"சொன்னா வண்டி போயிடும்."

"சொல்லலேன்னா பொண்டாட்டி போயிடும்."

"அவ ஏற்கனவே போயிட்டா."

லூப்பே காப்பியைக் குடித்தாள். 

"இன்னைக்கு ஒரு நாள் சாயங்காலம் வராத லூப்பே. அவங்க கெளம்பற வரைக்கும்."

"வருவேன். உங்க வண்டியும் என் வண்டியும் தோளோட தோள் ஒட்டி நிக்குது. நீங்க வெடிச்சா நானும்ல சேர்ந்து வெடிப்பேன்?"

"உள்ள கேஸ் அலாரம் புதுசு மாட்டியிருக்கேன்ல."

"அந்த டப்பாவ நம்பி நான் தூங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

*

முந்தின நாள் மழை. வயலில் வண்டி இறங்க முடியாது, அதனால் தோண்டலும் இல்லை, குவிப்பதும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு மழைதான் விடுமுறை. பொருட்காட்சித் திடலில் வரிசையாக நின்ற ட்ரெய்லர்களுக்கு வெளியே எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையாவது சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெனெல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நாற்பது வயது. காரிலிருந்து இறங்கும்போதே எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்துகொண்டு இறங்குகிறவள்.

"அப்பா, கர்ட்டிஸ் உங்களுக்கு ஒண்ணு குடுத்து விட்டிருக்கார்."

மருமகன் கொடுத்துவிட்டது இறைச்சி சுடுகிற புது கிரில் அடுப்பு. பெட்டி மாதிரி மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு போகிற வகை. கூடவே நீளமான கேஸ் டியூப் ஒன்று.

"இதுக்கு மாட்டற சின்ன கேஸ் பாட்டில் எந்தக் கடையிலயும் இல்ல. அறுவடைக்கு வந்தவங்களே வாங்கித் தீர்த்துட்டாங்களாம். அதனால ட்ரெய்லர் கேஸ்லயே மாட்டறதுக்கு இந்த டியூப்" என்றாள்.

ஆர்லிஸ் மெதுவாக இறங்கினாள். பிரம்பு ஊன்றியிருந்தாள். தலைமுடியை வெட்டிச் சின்னதாக்கியிருந்தாள். டெல்மருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"முடி நல்லாருக்கு" என்றார்.

"ஜூன் மாசமே வெட்டிட்டேன்" என்றாள் ஆர்லிஸ்.

அவள் உள்ளே போகவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கண் மட்டும் பக்கத்து ட்ரெய்லரைப் பார்த்தது. அங்கே கொடியில் ஒரு பெண்ணின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

டெல்மர் அடுப்பை மர மேஜைமேல் வைத்து விரித்தார். டியூபின் ஒரு முனையை அடுப்பில் திருகினார். மறுமுனையோடு ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் கேஸ் வாய் இருக்கிறது. அதன் வளையத்தைப் பின்னால் இழுத்து, முனையை உள்ளே தள்ளி, விட்டால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். கவ்வியது. எழுந்து வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தார். தீ எழுந்தது. எழுந்தது என்று சொல்லக் கூடாது, எட்டிப் பார்த்தது.

"இது அடுப்பா, பிறந்தநாள் கேக்கு மெழுகுவத்தியா?" என்றாள் ஜெனெல். "ஊதட்டுமா?"

"ரெகுலேட்டர் ரெண்டு ஆயிடுச்சு" என்றார் டெல்மர். "முன்னாடி சிலிண்டர் பக்கத்துல ஒரு ரெகுலேட்டர் இருக்கு. அது கேஸோட வேகத்தக் கொறச்சுத்தான் இந்தப் பக்கம் அனுப்புது. அடுப்புலயும் ஒரு ரெகுலேட்டர் இருக்கு. ஏற்கனவே கொறஞ்சு வந்தத அது இன்னும் நெரிக்குது. அடுப்புல இருக்கறதக் கழட்டணும்."

"கழட்டலாமா?"

"இந்த வாய்ல மாட்டறதா இருந்தா கழட்டித்தான் ஆகணும். ஆனா கழட்டின அடுப்ப அப்புறம் சின்ன பாட்டில்ல மாட்டவே கூடாது. தீ மூஞ்சிக்கு வரும். கர்ட்டிஸ்கிட்ட சொல்லி வை."

டியூபோடு வந்த பையில் பித்தளை வால்வு ஒன்று பிரிக்காமல் கிடந்தது. கர்ட்டிஸ் அதை உபரி என்று நினைத்திருக்க வேண்டும். கேஸை மூடி, ட்ரெய்லருக்கு அடியிலிருந்த முனையைக் கழற்றி, டியூபை ஈரத் தரையில் போட்டுவிட்டு, டெல்மர் ஸ்பேனரோடு உட்கார்ந்தார். அடுப்பின் ரெகுலேட்டரைக் கழற்றினார். பித்தளை வால்வைப் பொருத்தினார். ஜெனெல் இறைச்சியை உப்பும் மிளகும் தடவித் தயார் செய்ய உள்ளே போனாள்.

டெல்மர் மறுபடி கீழே படுத்து முனையைத் தள்ளினார். 'டக்' கேட்டது. எழுந்தார். சிலிண்டரை மெதுவாகத் திறந்தார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு கோப்பையில் வைத்திருந்தார். சின்ன பெயின்ட் பிரஷ் ஒன்றை அதில் முக்கி, புதிதாகப் பொருத்திய இடத்தில் தடவினார். நுரை வரவில்லை. நல்லது. அடுத்தது கீழே இருக்கும் இணைப்பு. கோப்பையோடு திரும்பினார்.

"யாரு அவ?" என்றாள் ஆர்லிஸ்.

டெல்மர் நின்றார்.

"யாரு?"

"போன்ல உன்னத் தூங்கச் சொன்னவ."

"பக்கத்து வண்டி. லூப்பே. ஒரே எடத்துல வேலை செய்யறோம்."

"தெனமும் வர்றாளா?"

"வர்றா."

"எதுக்கு?"

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வாசனை தெரியவில்லை, அவள் மோந்து பார்க்க வருகிறாள். அவ்வளவுதான், இந்த முகத்தில் இருக்கிற இறுக்கம் கலைந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை இந்த நாற்காலியோடு நிற்காது. ஜன்னல் திறந்திருக்கிறது, ஜெனெல் உள்ளே இருக்கிறாள். சாயங்காலத்துக்குள் கீழ்த்தளத்து அறைக்குச் சாவி வந்துவிடும்.

"சும்மாதான். எட்டிப் பாத்துட்டுப் போவா."

"சும்மா" என்றாள் ஆர்லிஸ்.

"அவளுக்குப் புருஷன் இருக்கான் ஆர்லிஸ்."

"எங்க?"

"ராத்திரி வேலைக்குப் போயிருப்பான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று டெல்மருக்குப் புரிந்தது. ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெல்மர் சோப்புக் கோப்பையை மேஜையில் வைத்தார். கை தானாக அடுத்த வேலையைத் தேடியது. லைட்டரை எடுத்தது.

உடம்பால் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். மனசு எங்கேயோ போய்விட்டால் கை ஒரு படியைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடும். தாண்டியது கைக்குத் தெரியாது.

ட்ரெய்லருக்கு அடியில், ஈரத் தரையில் கிடந்தபோது டியூப் முனைக்குள் கொஞ்சம் மண் ஏறியிருந்தது. முனை கவ்வியிருந்தது, ஆனால் முழுசாக உட்காரவில்லை. காற்று அசையாத மத்தியானம். கேஸ் காற்றைவிடக் கனம். அது சத்தமில்லாமல் தரையோடு படர்ந்து, நாற்காலியைத் தாண்டி, மேஜைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆர்லிஸுக்கு முதலில் வாசனை மட்டும் தெரிந்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி. அப்புறம் கண்ணில் நீர் வந்தது. அழுகையினால்தான் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

டெல்மர் அடுப்பின்மேல் குனிந்திருந்தார். லைட்டரில் கட்டை விரல் இருந்தது. இவ்வளவு நாற்றத்துக்கு நடுவில் அந்த முகம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது.

"டெல்மர்! நிறுத்து! அதக் கீழ போடு!"

அவர் நிமிர்ந்தார். பிரம்பை விட்டுவிட்டு, ட்ரெய்லர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூட்டு பிடுங்க ஆர்லிஸ் முன்பக்கம் ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் மார்ச்சுக்குப் பிறகு அவள் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. இரண்டு சிலிண்டரையும் திருகி மூடினாள்.

திரும்பி வந்தபோது டெல்மர் அதே இடத்தில் லைட்டரோடு நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

ஆர்லிஸ் அவரையே பார்த்தாள். வேலைக்கு நடுவில் பத்து ட்ரெய்லர் தள்ளி எவனாவது வால்வைச் சரியாக மூடாமல் விட்டால், "கேஸ் வருது, எவன்டா அது?" என்று முதலில் கத்துகிற ஆள் இது. அந்த ஆள் கேஸுக்குள் நின்றுகொண்டு என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

*

ஜெனெல் தட்டோடு படியில் வந்து நின்றாள். முகம் சுளித்தாள். "என்னம்மா இது, கேஸா?"

"டியூப் சரியா மாட்டல. மூடிட்டேன்" என்றாள் ஆர்லிஸ். "நீ திடல் ஆபீஸ்ல போயி ஐஸ் வாங்கிட்டு வா."

"ஐஸ் எதுக்கு? குளுருது."

"என் மூட்டுக்கு."

மகள் போனாள். காற்று லேசாக எழுந்து வாசனையைக் கலைத்தது. அது கலைந்ததும் டெல்மருக்குத் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள் ஆர்லிஸ்.

"என்ன எப்போலேர்ந்து?"

"டெல்மர்."

"மார்ச்."

"காய்ச்சல்லயா?"

"ம்."

"அப்ப அவ..."

"மோந்து பாக்க வர்றா. கதவ நான் தெறந்து விடுவேன். வாசல்ல நின்னு மூச்ச இழுப்பா. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போவா. உள்ளகூட வர்றதில்ல."

ஆர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பாக வந்த ஒன்று பாதி வழியில் வேறொன்றாக மாறிற்று.

"ஒரு வாரம். ஒரு வாரமா நான் தூங்கல. அந்தப் பொம்பளைக்கு எப்படி மூஞ்சி இருக்கும், எப்படிச் சிரிப்பான்னு. அவ இங்க நின்னு மூச்சு இழுத்துட்டு இருந்திருக்கா."

"சொல்லணும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல? வண்டி போயிடும்னா?"

"அதுவும்தான்."

"வேற என்ன?"

டெல்மர் லைட்டரைச் சட்டைப் பையில் போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார்.

"சொன்னா நீ திரும்பி வந்திருப்ப."

"வந்தா?"

"நர்ஸா வந்திருப்ப. எனக்கு அது வேணாம்."

ஆர்லிஸுக்குக் கோபம் வந்தது. இந்த ஏழெட்டு மாதத்தில் வந்த கோபங்களிலேயே இதுதான் நேரான கோபம்.

"நான் எப்படி வருவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? நான் மூட்டு வலியில போனேன். உன்ன விட்டுட்டுப் போகல. நீ ஒரு நாளாவது 'வா'ன்னு கூப்பிட்டியா? நான் அவ வீட்டுல உக்காந்துகிட்டு, இவனுக்கு நான் இல்லாம நல்லாத்தான் இருக்கு போலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

டெல்மர் தரையில் கிடந்த அவள் பிரம்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"ஜெனெல்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா அவ கேட்டா, இல்லன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். நீ பாத்துக்க."

டெல்மர் கீழே படுத்தார். டியூப் முனையைக் கழற்றி, சட்டைத் துணியால் உள்ளே துடைத்தார். கேஸ் வாயையும் துடைத்தார். மாட்டினார். ஆர்லிஸ் போய்ச் சிலிண்டரைத் திறந்தாள். இந்த முறை இரண்டு இணைப்புக்கும் சோப்பு நுரை தடவினார். கீழே படுத்தபடியே, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஆர்லிஸ் குனிந்து மூச்சிழுத்தாள்.

"மண்ணு வாசன. பீட் வாசன. உன் சாக்ஸ். கேஸ் இல்ல."

தீ நீலமாக, முழு அகலத்துக்கு எழுந்தது.

*

இறைச்சி நன்றாகவே வெந்தது. ஜெனெல் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள். டெல்மர் தன் தட்டில் மிளகுத்தூளைக் கொட்டிக்கொண்டே இருந்தார். மிளகு மூக்குக்குத் தெரியாவிட்டாலும் நாக்கில் கொஞ்சம் குத்தும்.

"அப்பா, அது இறைச்சியா, மிளகு மூட்டையா?"

டெல்மர் டப்பாவைக் கீழே வைத்தார். ஆர்லிஸ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வர மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு வாசன தெரியாதும்மா. ருசியும் பாதிக்கு மேல போயிடுச்சு. மார்ச் மாசத்துலேர்ந்து."

ஜெனெல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் ட்ரெய்லர் முன்னால் இருந்த சிலிண்டர்களுக்குப் போயிற்று. பிறகு டியூபுக்கு. பிறகு அம்மாவுக்கு.

"கொஞ்ச நேரம் முன்னாடி வந்த நாத்தம்..."

"ஆமா" என்றார் டெல்மர். "நான் லைட்டர வச்சுக்கிட்டு நின்னேன். உங்கம்மா கத்துனா."

"ஐயோ அப்பா." அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். "சரி. போதும். இன்னைக்கே கெளம்புங்க. துணிமணி எடுத்து வையுங்க, மத்ததக் கர்ட்டிஸ் வந்து பாத்துக்குவார்."

"அறுவடை முடியற வரைக்கும் வேலைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்மா. நடுவுல விட்டுட்டுப் போனா இன்னொருத்தன் ரெண்டு ஆள் மண்ண அள்ளணும்."

"அதுக்காக வெடிச்சுச் சாவீங்களா?"

டெல்மர் தட்டைத் தள்ளி வைத்தார். 

ஜெனெலின் குரல் இறங்கியது. "நீங்க ரெண்டு பேருமே என்னைய ஒரு ஹாஸ்டல் வார்டன் மாதிரி பாக்கறீங்க. நான் அந்த ரூமுக்குக் கம்பளம் போட்டது உங்களப் பூட்டி வைக்கறதுக்கில்ல. ராத்திரில போன் அடிச்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. பயமா இருக்குப்பா. அவ்வளவுதான்."

டெல்மர் மகளின் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் காலை முழுக்க மடங்காது, மத்தியானத்துக்குப் பிறகுதான் மடங்கும். இப்போது மடங்கின.

"நான் இருக்கேன்" என்றாள் ஆர்லிஸ்.

இருவரும் திரும்பினார்கள்.

"அறுவடை முடியற வரைக்கும் இங்க இருக்கேன். மாத்துத் துணி கார்ல இருக்கு."

"மாத்துத் துணி கொண்டு வந்தியா?" என்றாள் ஜெனெல்.

"சண்ட போடறதுக்கு ஒரு நாள் பத்தாதுன்னு கொண்டு வந்தேன்."

"உன் மூட்டு?"

"வலிக்கும்."

டெல்மர் அவளைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஏதோ மலர ஆரம்பித்தது. ஆர்லிஸ் விரலை நீட்டினாள்.

"நான் திரும்பி வந்துட்டேன்னு நெனச்சுக்காத. என் மூக்கு மட்டும்தான் வந்திருக்கு. மத்ததெல்லாம் இன்னும் யோசிக்குது."

"சரி" என்றார் டெல்மர். வேறு எதைச் சொன்னாலும் கெட்டுவிடும் என்று தெரிந்தது.

ஜெனெல் இருட்டுவதற்குள் கிளம்பினாள். கிளம்பும்போது ட்ரெய்லரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "முதல் பனிக்கு நான் வருவேன்" என்றாள். "அன்னைக்கு இது தெற்க போகுதா, என் வீட்டு வாசலுக்கு வருதான்னு நாம மூணு பேரும் உக்காந்து பேசறோம். நீங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல, மூணு பேர்."

*

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை வேலை உண்டு என்று போனில் செய்தி வந்திருந்தது. ஆர்லிஸ் உள்ளே குறுகலான மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். மூட்டின்மேல் ஐஸ் பை. எதிரில் டெல்மர்.  

வெளிச் சுவரில் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

டெல்மர் எழப் போனார். ஆர்லிஸ் பிரம்பை நீட்டி அவரைத் தடுத்துவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தாள்.

லூப்பே படியில் ஒரு கால் வைத்தபடி, ஏற்கனவே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆர்லிஸைப் பார்த்ததும் அந்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

"விடும்மா, விடு" என்றாள் ஆர்லிஸ். "நான் பாத்துட்டேன். எல்லாம் நல்லா இருக்கு."

லூப்பே மூச்சை விட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப சொல்லிட்டாரா? அப்பாடா! நான் எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? கல்லு மாதிரி உக்காந்திருப்பார். இப்பத்தான் எனக்கு நிம்மதி. அன்னைக்கு உள்ள கேஸ் நெறஞ்சு மயங்கிக் கெடந்தப்ப நானும் சாவுலும் இவரக் கையும் காலுமா தூக்கிட்டு வந்து வெளிய புல்லுல போட்டமே, அதுக்கப்புறமாவது வீட்டுக்கு ஒரு போன் போடுவார்னு பாத்தேன்."

ஆர்லிஸின் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

"என்னைக்கு?" என்றாள்.

லூப்பே உள்ளே டெல்மரைப் பார்த்தாள். டெல்மர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூப்பே படியிலிருந்து காலை எடுக்கப் பார்த்தாள்.

"நான் நாளைக்கு வர்றேம்மா. சூப்பு அடுப்புல..."

"வா. உள்ள வா" என்றாள் ஆர்லிஸ். கதவை அகலத் திறந்தாள். "என்னோட எடத்துல உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத."

டெல்மர் எழுந்தார். "நான் காப்பி போடறேன்" என்று அடுப்பின் பக்கம் கையை நீட்டினார்.

"அடுப்பத் தொடாத டெல்மர்" என்றாள் ஆர்லிஸ். "நீயும் உக்காரு. நீயும் கேளு."